பொருளின் பெயர்

எடைச் சீட்டில் நான்கு கட்டம்.
தேதி, எடை, தொகை:
இவை மூன்றும் என்னைப் படுத்தியதில்லை.
நாலாவது கட்டம், பொருளின் பெயர்.

நாற்பத்திரண்டாம் வருஷத்து மழை.
போர்ச்சுகல் மலையில், சேசரே ஆற்றுக்கு மேலே
என் தராசுக் கொட்டகைக்கு இரண்டு கதவு.
ஒன்றில் ஜெர்மானியர் லூடெக்கே,
மற்றதில் ஆங்கிலேயர் பாஸ்கோ.
ஒரே கறுப்புக் கல்லுக்கு வந்தவர்கள்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
தொப்பியை மட்டும் தொட்டுக்கொள்வார்கள்.
கல் எங்கே போகிறது, யார் மார்பைத் துளைக்கப் போகிறது
என்பதற்குச் சீட்டில் கட்டம் இல்லை.

"வொல்ஃப்ராம் என்று எழுது" என்றார் லூடெக்கே.
பொருள் கேட்டேன், முதலில் விலையைச் சொன்னார்.
பிறகு சொன்னார்: முன்பாதி ஓநாய்.
வெள்ளீயம் உருக்கியவர்கள் வைத்த பெயராம்.
இந்தக் கல் உலையில் கலந்துவிட்டால்
பட்டிக்குள் புகுந்த ஓநாய் மாதிரி
ஈயத்தைத் தின்றுவிடும்,
நுரைதான் மிஞ்சும்.
பின்பாதி?
"பாலாடை என்பார் சிலர், கரி என்பார் சிலர்.
பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.
நீ முள்ளைப் பார்."

பாஸ்கோவின் கம்பெனித் தாளிலோ டங்ஸ்டன்.
ஸ்வீடன்காரர் சொல்.
டுங் கனம், ஸ்டேன் கல்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். குளிர்நாடு, வாயை அதிகம் திறப்பதில்லை."
அதுவும் முதலில் வேறொரு வெளிறிய கல்லின் பெயராம்.
சாக்கு கைமாறுவதுபோல் பெயரும் கைமாறியிருக்கிறது.
கார்ன்வாலில் இவர் முப்பாட்டன் காலத்தில்
இதைக் காலால் எத்திவிட்டு
ஈயத்தைத் தேடிப் போனார்களாம்.
எத்துகிற கல்லுக்கு எவன் தேடுவான் நல்ல பெயர்?

சீனாவில் இருந்துவிட்டு வந்தவர் பாஸ்கோ.
அங்கே ஓநாயின் முதல் அசையை மட்டும் பிடித்துக்கொண்டு
உலோகம் என்கிற குறிக்குப் பக்கத்தில்
ஒரு காக்கையை உட்காரவைத்து எழுதுகிறார்களாம்.
சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
அன்று முழுக்க அந்தக் காக்கையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு சாக்கு எடை தப்பிப்போனது.

தெயோலிந்தா பெயரே சொல்லமாட்டாள்.
"அது கொண்டுவந்திருக்கிறேன்" என்பாள்.
உரிமம் இல்லாத ராத்தோண்டல்.
முழங்கால்வரை சேறு, தலையில் சாக்கு,
வழியில் காவலர்கள்.
ஒரு விடியலில், தூக்கம் வராமலிருக்க,
ஜெர்மானியர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

சாக்கைத் தொப்பென்று போட்டாள்.
எங்கள் மலையில் இருட்டியபின்
அந்த மிருகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
கூப்பிட்டால் வரும்.
அதையா இத்தனை இரவு
தலையில் வைத்துச் சுமந்தேன்,
வேற்றுநாட்டுச் சட்டை போட்டதால்
அடையாளம் தெரியாமல்?

கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தாள்.
"போன பனியில் என் பட்டியில் பதினோரு ஆடு.
அப்படியானால் இது எனக்குக் கடன்பட்டிருக்கிறது.
சேர்த்துப் போடு."

அன்று தராசு முள் சற்றே சாய்ந்தது.
எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

நாற்பத்துநான்கு ஜூனில் லிஸ்பனிலிருந்து ஆணை:
தோண்டக் கூடாது, விற்கக் கூடாது.
லூடெக்கே நாற்காலியை விட்டுவிட்டுப் போனார்.
பாஸ்கோ எனக்குக் கடனாகத் தந்த குடையை
நினைவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.
ஒரு வாரம் கழித்து தெயோலிந்தா,
கடைசிச் சாக்கோடு.

வாங்க ஆளில்லை.
ஆனாலும் சுமந்து வந்திருக்கிறாள்,
சீட்டுப் போட்டேன்.
தேதி. எடை, நாற்பத்தொரு கிலோ.
தொகையில் ஒரு கோடு.
பெயரில் பேனா நின்றது.

"கல் என்று எழுதேன்" என்றாள்.
என்ன கல்?
கழுத்தைத் தடவிக்கொண்டாள்.
"கனக்கிற கல்."

ஸ்வீடன் எந்தத் திசை என்றுகூட
அவளுக்குத் தெரியாது.

தலையில் ஏற்றிவிட்டேன்.
மேலே ஏறும் வழியில் இருட்டிக்கொண்டு வந்தது.
வளைவு வரைக்கும் ஏதோ திட்டிக்கொண்டே போனாள்,
லிஸ்பனை, என்னை, விலையை.
மரங்கள் தொடங்கும் இடத்தில்
வாயை மூடிக்கொண்டாள்.